அரைக்காணி நிலமும் அடுத்த எண்ணும்

எங்கள் ஆயா ஒவ்வொரு வருஷமும் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பூவாடைக்காரிக்குப் படையல் போடுவார். நடுவீட்டை மெழுகிக் கோலமிட்டு, சொம்பில் தண்ணீர் நிரப்பிப் பூச்சுற்றி, அதற்கு முன்னால் மஞ்சள் தடவிய புதுச்சேலை ஒன்றை மடித்து வைப்பார். யார் இந்தப் பூவாடைக்காரி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "நம்ம வூட்டுப் பொம்பளதான். வாழ வேண்டிய வயசுல போயிட்டவ" என்பார். பேர் என்ன ஆயா என்றால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கற்பூரம் ஏற்றுவார்.

அதே ஆயாவுக்கு ஆண்களின் பெயர்கள் ஐந்து தலைமுறைக்கு மனப்பாடம். அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு கதை, அவருடைய பெரிய மாமனாரைப் பற்றியது. அதாவது என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். "சுபகிருது வருஷத்துல கப்பலேறி நெட்டாலுக்குப் போனாரு. காசு அனுப்பறேன்னாரு. காசும் வரல, ஆளும் வரல." அவ்வளவுதான் கதை. நெட்டால் எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆயா இறந்த பிறகு, பரணிலிருந்த இரும்புப் பெட்டியை அத்தையும் நானும் இறக்கினோம். தீர்வை ரசீதுகள், யாரோ எழுதிய சீட்டுக் கணக்கு, பூச்சி அரித்த ஜாதகங்கள். அடியில் நான்காக மடித்த ஒரு பத்திரம். மடிப்பு விட்டுப்போய், தூக்கினால் நாலு துண்டாகிவிடும் போலிருந்தது. ஒரு தாம்பாளத்தில் வைத்துத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனோம்.

முதல் வரியில் ௲௯௱௰௨ ௵ என்றிருந்தது. தமிழ் எண்களைப் பழைய முறையில் எழுதியிருந்தார்கள்: ஆயிரம், ஒன்பது நூறு, பத்து, இரண்டு. 1912-ஆம் வருஷம். பக்கத்திலேயே பரிதாபி வருஷம் என்று தமிழ் ஆண்டும் இருந்ததால் சந்தேகமில்லை. என் கொள்ளுத்தாத்தா எழுபத்தைந்து ரூபாய்க்கு அரைக்காணி புஞ்சையைச் சுத்த விக்கிரயம் செய்து கொடுத்த பத்திரம். செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகள், எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு வாக்கியம் வருகிறது: "என் தமையன் நேட்டால் தேசம் போய்ப் பத்து வருஷமாய்த் தகவல் இல்லாதபடியால், பின்னிட்டு அவர் வந்து பாத்தியம் கோரும் பட்சத்தில் நானே உத்தரவாதி."

அந்த வரியைப் படித்ததும் அத்தை அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆயா சொன்னது கதை அல்ல என்று ஒரு பத்திர எழுத்தர் 1912-லேயே எழுதிவைத்திருக்கிறார். நான் தேட ஆரம்பித்தது அன்றுதான்.

ஆயா சொன்ன சுபகிருது வருஷத்தை முதலில் ஆங்கில ஆண்டாக மாற்ற வேண்டியிருந்தது. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. சுபகிருது 1842-லும் வந்தது, 1902-லும் வந்தது, 1962-லும் வந்தது. பத்திரத்தில் "பத்து வருஷமாய்" என்றிருக்கிறதே, 1912-லிருந்து பத்தைக் கழித்தால் 1902. ஆயாவின் வாய்க்கணக்கும் பத்திரமும் அச்சாகப் பொருந்தின. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பெரியவர்கள் சொல்லும் தமிழ் வருஷப் பெயரை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்வது 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம். எந்த அறுபது என்று பிடித்துவிட்டால், வருஷப் பெயரைவிட உறுதியான தேதி வேறில்லை.

அடுத்து நிலம். ஆளைத் தேடுவதற்கு நிலம் எதற்கு என்று தோன்றலாம். நம் ஊரில் சாதாரண மனிதன் காகிதத்தில் ஏறுவது பெரும்பாலும் நிலத்தின் பெயரால்தான். இங்கிலாந்தில் இருக்கும் என் தோழி, தன் கணவர் குடும்பத்தைக் கவுன்டி ஆவணக் காப்பகத்திலேயே பதினாறாம் நூற்றாண்டு வரை பின்தொடர்ந்து போய்விட்டாள். அங்கே 1538-லிருந்து ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவு இருந்தது. நூறு ஆண்டு ஆனதும் மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுத் தாள்களையும் திறந்துவிடுகிறார்கள். 1921 கணக்கை 2022 ஜனவரியில் திறந்தார்கள். நம் மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களை யாரும் பார்க்க முடியாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஆக நமக்கு மிஞ்சுவது தாலுகா ஆபீசும் சார்பதிவாளர் ஆபீசும்தான்.

பழைய காகிதம் வேண்டும் என்று போய் நின்றால், எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "என்னம்மா, பங்காளித் தகராறா?" இல்லை, எங்கள் குடும்பம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள என்றால் நம்ப மாட்டார்கள். ஊரில் பங்காளிகளே ஒருவாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர்களை உட்காரவைத்து, அரைக்காணிப் பத்திரத்தைக் காட்டி, இந்த நிலம் விற்று நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இதில் யாருக்கும் ஒன்றும் வரப்போவதில்லை என்று சொன்ன பிறகுதான் காபி வந்தது.

நான் தேடியபோது எங்கள் பகுதிக்கு வில்லங்கம் இணையத்தில் 1975 முதல்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் மனு எழுதிக்கொடுத்து, கையால் எழுதிய அட்டவணைகளைப் புரட்டித்தான் தேட வேண்டும். முதலாம் அட்டவணையில் ஆட்களின் பெயர்கள், இரண்டாம் அட்டவணையில் சொத்துகள். எனக்கு மூன்று தடவை அலைச்சல். ஆனால் நகல் கிடைத்தது. அதில் கூடுதலாக ஒன்றும் இல்லை, ஒரு பெருவிரல் ரேகையைத் தவிர. கொள்ளுத்தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். அவருடைய அப்பா பழைய கர்ணம், ஊர் நிலக் கணக்கை எழுதிவந்தவர். 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தபோது வீட்டிலிருந்த கணக்குக் கட்டுகளை ஒப்படைத்ததை அவர் இன்னமும் ஒரு சாவு வீட்டைப் போலத்தான் சொல்கிறார். அவர்தான் எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். "பேர வெச்சித் தேடாதம்மா. அளவ வெச்சித் தேடு. பேரு மாறும், நம்பர் மாறும், நிலம் எங்க போவுது?"

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு என் அரைக்காணியே சாட்சி. ஒரு காணி என்றால் ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். அப்போது அரைக்காணி அறுபத்தாறு சென்ட். வெள்ளைக்காரர் காலத்தில் நிலத்தை அளந்து எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டில் எங்கள் ஊர்ப் புஞ்சைகளில் 0.66 ஏக்கர் என்று வருவது இரண்டே இரண்டு. அதில் ஒன்றுக்குத்தான் கிழக்கே ஏரிக்கால் எல்லை. 1980-களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது எல்லாம் ஹெக்டேருக்கு மாறின. அதே துண்டு கிராமத்தின் 'அ' பதிவேட்டில் 0.26.5, அதாவது 0.265 ஹெக்டேர், என்று நிற்கிறது. மூன்று காலம், மூன்று அளவு, ஒரே மண். இன்று அங்கே சவுக்குப் போட்டிருக்கிறார்கள். நான் போய் வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெயரை வைத்துத் தேடாதே என்று அவர் சொன்னதன் அர்த்தமும் சீக்கிரமே புரிந்தது. நம்மில் பேரனுக்குத் தாத்தா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். என் அப்பாவுக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயர். தாத்தாவுக்கு அவருடைய தாத்தாவின் பெயர். பழைய செட்டில்மென்டில் விற்காமல் மீந்த நிலத்துக்கு எதிரே "இன்னார் மகன் இன்னார்" என்று கொள்ளுத்தாத்தா இருக்கிறார். யூ.டி.ஆரில் அதே நிலத்துக்கு என் அப்பா. இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை! அப்பா பெயர், அவருடைய தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் ஒன்று. நடுவில் ஒரு தலைமுறையே கடந்திருக்கிறது. இதை அறியாமல் வம்சாவளி வரைகிறவர்கள் இரண்டு ஆட்களை ஒருவராக்கிவிடுவார்கள்.

ஜில்லாவின் பெயரும் இப்படிக் குழப்பும். எங்கள் ஊர் ஓரடிகூட நகரவில்லை. ஆனால் பத்திரத்தில் அது வட ஆற்காடு ஜில்லா வந்தவாசி தாலுகா. 1911 வரை அந்த ஜில்லாவின் தலைநகரம் சித்தூர். சித்தூர் தனி ஜில்லாவான பிறகு வேலூர். 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது எங்களுக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், பிறகு வெறும் திருவண்ணாமலை. எந்த ஆண்டுக் காகிதத்தை எந்த ஊரில் போய்க் கேட்பது என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஜில்லாப் பதிவுகளைக் கேட்கும்போதும் அன்றைய பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அரைக்காணியாவது இருந்ததால்தான் என் முன்னோர் காகிதத்தில் இருக்கிறார்கள். அந்த நிலத்தை உழுதவர்கள், ஏரி மதகைத் திறந்து மூடியவர்கள் செட்டில்மென்டில் இல்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் அனுப்பிய அறிக்கைக்குப் பிறகு 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். அந்தப் பதிவுகள் மட்டும்தான் பல சேரிகளுக்கு அரசு எழுதிவைத்த முதல் பெயர்ப்பட்டியல். ஊரில் என்னோடு படித்த ஒருவன், "உனக்குப் பத்திரமாவது இருக்கு, எங்க தாத்தனுக்கு எங்க தேடறது?" என்று கேட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் கப்பலில் கூலிகளாகப் போனவர்களின் பட்டியலைத் தேடினேன். அங்கே நிலம் உள்ளவன், இல்லாதவன் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு வரி உண்டு.

நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரை. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. 1911-இல் நிற்கும்வரை 1,52,184 பேர் போனதாகக் கணக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி, பெண்களுக்கு அதில் பாதி. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று எழுதினார்கள். ஆள் தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதிய பட்டியல் அது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அதை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது.

முதலில் பெயரை அடித்துத் தேடி ஏமாந்தேன். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தர் காதால் கேட்டு எழுதியது. முதலியை மூட்லி ஆக்கிய, கவுண்டரைக் கவெண்டர் ஆக்கிய ஊர் அது. இன்றும் அங்கே லட்சக்கணக்கானோர் அந்தக் குடும்பப் பெயர்களோடுதான் இருக்கிறார்கள். சரி, கர்ணம் மகன் சொன்னதையே இங்கேயும் செய்வோம், பெயரை விட்டு இடத்தைப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன். சுபகிருது வருஷம் 1902 ஏப்ரல் முதல் 1903 ஏப்ரல் வரை. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் சென்னையிலிருந்து போன கப்பல்களில் வந்தவாசி தாலுகா என்று போட்ட ஆட்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். வந்தவாசியையே நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெயரின் கடைசியில் வரும் பாக்கம், பாகமும் பாக்கும் ஆகியிருந்தது. இரவு சமையலறை மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இதைச் செய்தேன். பதினொரு நாள் ஆனது.

பன்னிரண்டாம் நாள் அவர் வந்தார். வயது 26. தகப்பன் பெயர் சரி. கிராமம் சரி. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இடது கணுக்காலுக்கு மேல் தழும்பு. ஏர்க்கொழு பட்ட தழும்பாக இருக்கும் என்று அப்பா சொன்னார். போட்டோ ஒன்றும் இல்லாத மனிதருக்கு ஒரு காலும் ஒரு தழும்பும் கிடைத்தது எங்களுக்குப் பெரிய விஷயம்.

அவருடைய விவரங்களை எழுதி முடித்துவிட்டுப் பட்டியலை மூடப்போனேன். அடுத்த எண் கண்ணில் பட்டது.

ஒரு பெண். வயது 20. போளூர் தாலுகாவில் ஒரு கிராமம். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வலது முன்கையில் பச்சை. அதற்கும் அடுத்த எண் இரண்டு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பெயர்.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்றே எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "ஆளும் வரல" என்று ஆயா சொன்னபோதெல்லாம் ஒரு ஆளைத்தான் நாங்கள் நினைத்தோம். மூன்று பேர் போயிருக்கிறார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண்களாவது ஏற வேண்டும் என்று அப்போது விதி இருந்ததால், மனைவியோடு வருகிறவனை ஆள்கட்டுகிறவர்கள் விரும்பினார்கள். பத்திரத்தில் தமையன் இருக்கிறார், அவர் வந்து கேட்கக்கூடிய பாத்தியம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பாத்தியம் இல்லை, அதனால் பத்திரத்தில் அவளைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. எங்கள் வீட்டு நிலக் காகிதங்கள் எதிலும் இல்லாத அவளுக்கு, கூலிக்கு ஆள் எண்ணிய பட்டியலில் சொந்தமாக ஒரு எண்ணும், சொந்தத் தகப்பன் பெயரும், பிறந்த ஊரும் இருக்கின்றன. அவளை எழுதிவைத்தவன் அவளுக்கு நல்லது நினைத்து எழுதவில்லை. ஆனாலும் அவன் எழுதியதுதான் மிஞ்சியது.

ஏன் திரும்பி வரவில்லை என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆளுக்கு வருஷம் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். ஆண்களில் பதினாறு வயதுக்கு மேல், பெண்களில் பதின்மூன்றுக்கு மேல் எல்லாருக்கும் வரி. அப்போது பவுண்டுக்குப் பதினைந்து ரூபாய். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வருஷத்துக்குத் தொண்ணூறு ரூபாய். இங்கே தம்பி எழுபத்தைந்து ரூபாய்க்கு அரைக்காணியை விற்கிறார். அங்கே அண்ணன் அந்த நிலத்தின் விலைக்கும் மேலே வருஷா வருஷம் வரி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கரும்புக்காட்டுக்குள் போக வேண்டும். காசு எப்படி அனுப்புவார்? அந்த வரியை எதிர்த்துத்தான் 1913-இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய்வந்து 1914 பிப்ரவரியில் உயிர்விட்டது அந்தப் போராட்டத்தில்தான். பள்ளிப் பாடத்தில் வள்ளியம்மையைப் படித்தபோது எங்கள் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. அந்த ஆண்டே வரி ரத்தானது. குழந்தைக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது இருந்திருக்கும்.

போளூர்ப் பக்கம் அந்தக் கிராமத்துக்கு அத்தையும் நானும் போனோம். பட்டியலில் இருந்த தகப்பன் பெயரைச் சொல்லி விசாரித்தோம். நாலாவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, எல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்: "எங்க தாத்தாவோட அத்தை ஒருத்தங்கள வந்தவாசிப் பக்கம் குடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. போன எடத்துலயே பஞ்சத்துல செத்துட்டாங்கன்னு சேதி வந்துதாம்."

நான் பட்டியலின் நகலை எடுத்து அந்தப் பெயரை வாசித்தேன். பெரியவர் உள்ளே திரும்பி அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி தலையைப் பின்னிக்கொண்டே வந்து நின்றாள். "கொலசாமி பேரும்மா. ஒவ்வொரு தலமொறைக்கும் ஒரு பொண்ணுக்கு வெப்போம்" என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. செய்யாறு தாண்டியதும், "அம்மா கையில பச்ச இருந்துதே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. ஆயாவின் வலது முன்கையில், வெளிறிப்போன ஒரு சின்னக் கோலம்.

பூவாடைக்காரி அவள்தான் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அத்தை அதைப் பற்றி என்னிடம் கேட்கவும் இல்லை. இந்தத் தையில் படையல் அன்று, சொம்புக்குப் பூச்சுற்றிவிட்டு, "அந்தப் பேர ஒரு தடவ சொல்லு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகலைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். சேலைக்குப் பக்கத்தில் அத்தை இரண்டு வயதுப் பிள்ளைக்கு அளவாக ஒரு பாவாடையும் வாங்கி வைத்திருந்தார். அதன் ஓரத்திலும் மஞ்சள் தடவியிருந்தது.